பத்துக்கு இரண்டு: ஓர் அமெரிக்க மாநிலம் ஜூரர்களை எண்ணிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறும் குடியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு.

பாரதூரமான குற்றம் ஒன்றைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் அமெரிக்க நீதிமன்றமொன்றில் நிற்கிறார். சாட்சிகள் முடிந்துவிட்டன. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசி முடித்துவிட்டார்கள். இனி முடிவு 12 சாதாரண மனிதர்கள் கையில். ஒருவர் பேக்கரி நடத்துபவர், ஒருவர் தாதி, ஒருவர் பஸ் சாரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். கடைசியில் 10 பேர் "குற்றவாளி" என்கிறார்கள். 2 பேர் "சாட்சியம் போதாது" என்கிறார்கள். இப்போது அந்த மனிதருக்கு என்ன நடக்கும்?

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 48இல் இதற்கு ஒரே பதில்தான். 10 பேர் போதாது. அவரைத் தண்டிக்க முடியாது. லூசியானா, ஒரிகன் ஆகிய மற்ற 2 மாநிலங்களில் 10 பேர் போதும். மிச்சம் இரண்டு பேர் சொன்ன "இல்லை" கணக்கில் சேராது.

இன்னும் விசித்திரம் என்னவென்றால், லூசியானாவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் இரண்டு வகை நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசாங்கத்தின் நீதிமன்றம். மற்றது மாநிலத்தின் நீதிமன்றம். மத்திய அரசின் நீதிமன்றத்தில் 12 பேரும் ஒத்துக்கொண்டால்தான் தண்டனை. அதே நகரத்தில், மாநில நீதிமன்றத்தில் 10 பேரோடு கதை முடிந்துவிடும். எந்தக் கட்டடத்துக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வாழ்க்கை மாறும்.

ஒரே நாடு, ஒரே அரசியலமைப்பு. அப்படியிருக்க இது எப்படிச் சாத்தியமானது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1. ஒரே நாட்டில் பல சட்டங்கள்

எங்கள் நாட்டில் பருத்தித்துறையில் திருடினாலும் தெவுந்தரையில் திருடினாலும் ஒரே தண்டனைச் சட்டக்கோவைதான். 1883இல் பிரித்தானியர் எழுதிவைத்த அந்தக் கோவை இன்றும் முழு நாட்டுக்கும் பொது. அதனால் "அமெரிக்கச் சட்டம்" என்றதும் அங்கேயும் அப்படி ஒன்று இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அமெரிக்கா அப்படி உருவான நாடு இல்லை. 13 குடியேற்றங்கள் தனித்தனியாகச் சட்டசபைகளோடும் நீதிமன்றங்களோடும் இருந்தன. பிறகுதான் அவை ஒன்றுசேர்ந்து மத்திய அரசை உண்டாக்கின. ஆகவே அங்கே மாநிலம் என்பது மேலேயிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட அதிகாரமல்ல; எங்கள் மாகாண சபையோடு அதை ஒப்பிட முடியாது. மத்திய அரசுக்கு எழுதிக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று அரசியலமைப்பின் 10ஆவது திருத்தம் சொல்கிறது.

கொலை, களவு, அடிதடி, திருமணம், காணி, வாரிசுரிமை எல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. கள்ளநோட்டு, குடிவரவு, மாநில எல்லை தாண்டிய குற்றங்கள் போன்றவை மத்திய அரசின் சட்டத்துக்குள் வரும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்த அரசியலமைப்பு உண்டு, சொந்த தண்டனைச் சட்டம் உண்டு, சொந்த உயர் நீதிமன்றமும் உண்டு. நாட்டின் குற்றவியல் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன.

இதனால் வரும் வேறுபாடுகள் சாதாரணமானவை அல்ல. மிச்சிகன் மாநிலம் கொலைக்கு மரண தண்டனை விதிப்பதை 1846இலேயே ஒழித்தது. டெக்சாஸ் இன்றும் நிறைவேற்றுகிறது. 2012இல் கொலராடோவும் வொஷிங்டன் மாநிலமும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின. மத்திய அரசின் சட்டத்தில் அது அப்போதும் குற்றமாகவே இருந்தது.

ஒரே செயலுக்காக ஒருவர் இரண்டு இடத்திலும் வழக்கைச் சந்திக்கவும் முடியும். 1991இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் ரொட்னி கிங் என்ற கறுப்பின மனிதரை அடித்த காணொளியை உலகமே பார்த்தது. மாநில வழக்கு வேறொரு பிரதேசத்துக்கு மாற்றப்பட்டது. 1992இல் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாத ஜூரி சபை, ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அந்த நான்கு பொலிஸாரையும் விடுவித்தது. நகரம் பற்றி எரிந்தது. பின்னர் மத்திய அரசு தன் சட்டத்தின் கீழ் தனி வழக்குத் தொடுத்தது. 1993இல் நால்வரில் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். இரண்டு அரசாங்கங்கள், இரண்டு சட்டங்கள், இரண்டு ஜூரி சபைகள்.

2. ஜூரி என்றால் என்ன?

ஜூரர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். வாக்காளர் இடாப்பு, சாரதி அனுமதிப்பத்திரப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குருட்டுத் தெரிவில் அழைக்கப்படும் பிரஜைகள். நீதிமன்றத்தில் அவர்களிடம் கேள்விகள் கேட்கப்படும். பக்கச்சார்பு தெரிந்தால் நீதிபதி நீக்குவார். அதுபோக, காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமையும் பொதுவாக இரு தரப்புக்கும் உண்டு. இந்தக் காரணமில்லா நீக்கத்தை வைத்துக் கறுப்பினத்தவரைக் கழித்துவிடும் பழக்கம் நீண்டகாலம் நடந்தது. இனத்தை வைத்து அப்படி நீக்கக்கூடாது என்று 1986இல் நாட்டின் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது.

நீதிபதி சட்டம் என்ன என்பதைச் சொல்வார். நடந்தது என்ன என்பதை ஜூரி தீர்மானிக்கும். முடிவுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. "சுற்றவாளி" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்ய முடியாது. 12 பேரும் ஒத்துவராவிட்டால் அந்த விசாரணை கலைந்துபோகும். வழக்குத்தொடுநர் விரும்பினால் புதிய ஜூரியோடு ஆரம்பத்திலிருந்து தொடங்கலாம். அதாவது ஒரு ஜூரரின் "இல்லை" குற்றவாளியைத் தப்பவிடும் மந்திரம் அல்ல. "இன்னொரு முறை சரியாக நிரூபியுங்கள்" என்று அரசாங்கத்திடம் சொல்லும் தடை அது.

அமெரிக்கர்கள் இதை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். 1735இல் நியூயோர்க்கில் ஜோன் பீட்டர் சென்கர் என்ற அச்சகக்காரர் ஆளுநரை விமர்சித்துப் பத்திரிகை அச்சடித்ததற்காக நிறுத்தப்பட்டார். அன்றைய சட்டப்படி அச்சடித்ததே குற்றத்துக்குப் போதும். ஜூரி அவரை விடுவித்தது. 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, ஜூரி விசாரணையை மக்களிடமிருந்து பறித்தார் என்பது. 1791இல் வந்த 6ஆவது திருத்தம் குற்றவியல் வழக்குகளில் பக்கச்சார்பற்ற ஜூரிக்கு உரிமை கொடுத்தது. ஏகமனது என்ற சொல் அதில் இல்லை. அந்தக் காலத்தில் ஜூரி என்றாலே 12 பேர், 12 பேரும் ஒரே முடிவு என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்த உரிமைகள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து, 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக்கூடாது என்றது அது. ஆனால் "உரிய நடைமுறை" என்பதற்குள் எவையெல்லாம் அடங்கும் என்பதைத் தீர்மானிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. எங்கள் கதை நடப்பது அந்த இடைவெளிக்குள்தான்.

3. நியூ ஓர்லியன்ஸ், 1898

1880இல் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. வெள்ளையர் மட்டுமே ஜூரராகலாம் என்ற மேற்கு வெர்ஜீனியாவின் சட்டம் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். அதன் பிறகு எந்த மாநிலமும் "கறுப்பர் ஜூரியில் இருக்கக்கூடாது" என்று பகிரங்கமாக எழுத முடியாது.

எழுத முடியாவிட்டால் என்ன? வேறு வழி கண்டுபிடிக்கலாம்.

1898இல் லூசியானா தனக்குப் புதிய அரசியலமைப்பு எழுத நியூ ஓர்லியன்ஸில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ அரைவாசி கறுப்பினத்தவர். அவர்களின் அரசியல் பலத்தை முடிப்பதே மாநாட்டின் வேலை. இது பின்னாளில் யாரோ கட்டிய கதை அல்ல. வெள்ளை இனத்தின் மேலாதிக்கத்தை நிலைநாட்டவே கூடியிருக்கிறோம் என்பதை மாநாட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் மறைக்காமல் பேசினார். அது மாநாட்டின் அதிகாரபூர்வப் பதிவிலேயே இருக்கிறது.

வாக்களிக்க எழுத்தறிவோ சொத்தோ வேண்டும் என்றார்கள். அது ஏழை வெள்ளையரையும் பாதிக்குமே! அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: 1867 ஜனவரி 1ஆம் திகதியன்றோ அதற்கு முன்போ தகப்பனோ பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தால் அந்த நிபந்தனை இல்லை. அந்தத் திகதிக்கு முன் லூசியானாவில் எந்தக் கறுப்பினப் பாட்டனுக்கு வாக்குரிமை இருந்தது? சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை. ஆனால் மாநிலத்தில் சுமார் 130,000ஆக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1900இல் சுமார் 5,000ஆக விழுந்தது.

ஜூரி விடயத்திலும் அதே தந்திரம். மரண தண்டனை வழக்குகளுக்கு 12 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடூழியச் சிறைத் தண்டனை கட்டாயமான மற்றைய பெரிய வழக்குகளுக்கு 12 பேரில் 9 பேர் போதும்.

ஏன் 9? இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து முற்றாக விலக்கினால் வொஷிங்டனில் பிரச்சினை வரும். மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அமெரிக்க செனட் சபை, லூசியானாவில் கறுப்பினத்தவர் திட்டமிட்டு விலக்கப்படுகிறார்களா என்று விசாரிக்கத் தீர்மானம் போட்டிருந்தது. ஆகவே ஒருவர், இருவர், மூவர் வரை உள்ளே வரட்டும். கதிரையில் உட்காரட்டும். பேசட்டும். வாக்கும் போடட்டும். 9 பேர் போதும் என்ற சட்டம் இருந்தால் அந்த மூவரின் வாக்கு இருந்தும் இல்லாததே.

ஒருவரை வெளியே நிறுத்துவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருத்திவிட்டு அவர் சொல்வதை எண்ணாமல் விடுவது தெரியாது. அதனால்தான் இது 120 வருடங்கள் நீடித்தது.

4. ஒரிகன் எங்கிருந்து வந்தது?

ஒரிகன் தெற்கு மாநிலம் அல்ல. நாட்டின் மறுகோடியில், பசுபிக் கரையில் இருக்கிறது. அங்கே கதை வேறு.

1933இல் ஜேக்கப் சில்வர்மன் என்ற யூதர் மீது கொலை வழக்கு. ஜூரியில் 11 பேர் கொலைக்குற்றம் என்றார்கள், ஒருவர் மறுத்துவிட்டார். கடைசியில் சமரசமாக, குறைந்த குற்றமான கைமோசக் கொலைக்கு அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள். மூன்று வருடச் சிறை, 1,000 டொலர் தண்டம். மக்கள் கொதித்தார்கள். புதிதாக வந்த குடியேறிகளுக்கு ஜூரியில் இருக்கத் தகுதியில்லை என்ற தொனியில் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அந்த மாநிலத்தில் கூ கிளக்ஸ் கிளான் அமைப்பு செல்வாக்கோடு இருந்து சில வருடங்கள்தான் கடந்திருந்தன. 1934இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. முதற்தரக் கொலை தவிர்ந்த வழக்குகளுக்கு 10 பேர் போதும் என்று மாநில அரசியலமைப்பே மாற்றப்பட்டது.

ஒரே ஒரு ஜூரரின் பிடிவாதம் பெரும்பான்மைக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தடவை அப்படி ஒருவர் இருந்தாலும் பரவாயில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

5. ஒரு முழங்கையைத் தொட்ட வழக்கு

1966 ஒக்டோபரில், லூசியானாவின் பிளாக்மின்ஸ் என்ற பிரதேசத்தில் 19 வயது கறுப்பின இளைஞர் கேரி டங்கன் காரில் போய்க்கொண்டிருந்தார். முன்பு வெள்ளையர் மட்டுமே படித்த பாடசாலைக்கு அண்மையில் மாற்றப்பட்டிருந்த அவருடைய இளைய உறவுக்காரப் பையன்கள் இருவர், தெருவோரத்தில் நான்கு வெள்ளைப் பையன்களோடு நிற்பதைக் கண்டார். பிரச்சினை வரலாம் என்று காரை நிறுத்தி இருவரையும் ஏறச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பையனின் முழங்கையைத் தொட்டார் என்றது ஒரு தரப்பு. அறைந்தார் என்றது மறுதரப்பு.

டங்கன் ஜூரி கேட்டார். அந்தக் குற்றத்துக்கு இரண்டு வருடம் வரை சிறை விதிக்கலாம் என்றாலும், லூசியானாச் சட்டம் அதற்கு ஜூரி தரவில்லை. நீதிபதி தனியாக விசாரித்து 60 நாள் சிறையும் 150 டொலர் தண்டமும் விதித்தார்.

வழக்கு வொஷிங்டன் வரை போனது. 1968 மே மாதம் உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது: பாரதூரமான குற்றவியல் வழக்குகளில் ஜூரி கேட்கும் உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். 1791இல் எழுதப்பட்ட உரிமை ஒரு லூசியானா இளைஞனின் கைக்கு எட்ட 177 வருடங்கள்.

ஜூரி கிடைத்துவிட்டது. அந்த ஜூரி ஏகமனதாக முடிவெடுக்க வேண்டுமா? அந்தக் கேள்வி 1972இல் லூசியானா, ஒரிகன் இரண்டிலிருந்தும் வந்தது. 9 நீதியரசர்களில் 4 பேர் ஏகமனது அவசியம் என்றார்கள். 4 பேர் அவசியமில்லை என்றார்கள். எஞ்சியவர் லூயிஸ் பவல். மத்திய நீதிமன்றங்களில் ஏகமனது கட்டாயம், மாநிலங்களில் கட்டாயமில்லை என்றார் அவர். மற்ற எட்டுப் பேரில் ஒருவரும் முழுமையாக ஏற்றுக்கொள்ளாத அந்த நிலைப்பாடு, அவருடைய ஒரு வாக்கினால் நாட்டின் சட்டமாகிவிட்டது.

ஜூரி அறையில் தனித்து நிற்பவரின் வாக்கு எண்ணப்படத் தேவையில்லை என்ற சட்டம், உயர் நீதிமன்றத்தில் தனித்து நின்ற ஒருவரின் வாக்கினால் அடுத்த 48 வருடங்கள் உயிர் வாழ்ந்தது.

லூசியானா 1970களில் எழுதிய புதிய அரசியலமைப்பில் 9ஐ 10 ஆக்கியது. அவ்வளவுதான்.

6. உள்ளே போனவர்கள்

சிறைவாசிகளின் விகிதத்தில் லூசியானா பல வருடங்களாக அமெரிக்காவிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம். அதன் பெரிய சிறைச்சாலையை அங்கோலா என்பார்கள். முன்பு அடிமைகள் வேலைசெய்த பெருந்தோட்டம் அது. இன்றும் கைதிகள் அதன் வயல்களில் வேலை செய்கிறார்கள். இரண்டாம் தரக் கொலைக்கு அங்கே கட்டாய ஆயுள் தண்டனை, பரோலும் இல்லை. ஆக 10க்கு 2 என்ற முடிவோடு ஒருவர் உள்ளே போனால், பிணமாகத்தான் வெளியே வருவார்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரத்தில் முடிகின்றன. 12 பேரையும் நம்பவைக்க வேண்டும் என்றால் வழக்குத்தொடுநர் பேரத்தில் இறங்கிவருவார். 10 பேர் போதும் என்றால் அவர் கை ஓங்கும். ஆகவே இந்தச் சட்டத்தின் நிழல் ஜூரியைக் கண்ணால்கூடக் காணாத கைதிகள் மீதும் விழுந்தது.

2018இல் லூசியானாவின் 'தி அட்வகேட்' பத்திரிகை பல வருட வழக்குப் பதிவுகளைத் தேடியெடுத்து எண்ணியது. 12 பேர் கொண்ட ஜூரிகள் கண்ட குற்றவாளித் தீர்ப்புகளில் பத்தில் நான்கு அளவு ஏகமனதற்றவை என்று கண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவராக இருந்தால் அப்படி நடக்கும் வாய்ப்பு மேலும் அதிகம். அடுத்த வருடம் அந்த ஆய்வுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது.

அதே 2018 நவம்பரில் லூசியானா மக்கள் வாக்களித்து 1898இன் சட்டத்தை நீக்கினார்கள். ஆதரவு 64 சதவீதம். இடதுசாரிகளும் வலதுசாரிகளும் ஒரே பக்கம் நின்றார்கள். அரசாங்கம் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது இலகுவாக இருக்கக்கூடாது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. ஆனால் 2019 ஜனவரி 1க்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்கு மட்டுமே புதிய விதி.

7. ராமோஸ் வழக்கும் அதன் பிறகும்

இவாஞ்சலிஸ்டோ ராமோஸ் 2016இல் நியூ ஓர்லியன்ஸில் இரண்டாம் தரக் கொலைக்கு 10க்கு 2 என்ற கணக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றவர். 2020 ஏப்ரல் 20ஆம் திகதி, கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், அவருடைய வழக்கில் உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது: பாரதூரமான குற்றத்தில் ஏகமனதான ஜூரி இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. பிரதான தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச், ட்ரம்ப் நியமித்த பழமைவாத நீதியரசர். 1898 மாநாட்டின் வரலாற்றை அவர் தீர்ப்பிலேயே விரிவாக எழுதினார்.

எதிர்த்த மூவரின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1972இன் தீர்ப்பை நம்பி இரண்டு மாநிலங்கள் ஆயிரக்கணக்கான வழக்குகளை நடத்திவிட்டன. பழைய தீர்ப்புகளை நினைத்தபடி மாற்றினால் சட்டத்துக்கு உறுதி ஏது என்றார்கள். அத்தோடு 1970களில் இந்த விதியை மீண்டும் ஏற்றுக்கொண்டவர்கள் இனவாதத்துக்காக அதைச் செய்யவில்லை என்றார்கள்.

ராமோஸுக்கு மீள்விசாரணை கிடைத்தது. 2023இல் புதிய ஜூரி அவரைச் சுற்றவாளி என்று விடுவித்தது. முதல் விசாரணையில் எண்ணப்படாமல் போன அந்த இரண்டு பேரை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள்? 2021இல் உயர் நீதிமன்றம், மேன்முறையீடுகள் முடிந்துபோன பழைய வழக்குகளுக்குப் புதிய விதியைப் பின்னோக்கிப் பிரயோகிக்கும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றது. மாநிலங்கள் விரும்பினால் செய்யலாம். பந்து மறுபடியும் மாநிலங்களிடம்.

2022 ஒக்டோபரில் லூசியானாவின் உயர் நீதிமன்றம் "இல்லை" என்றது. அதே டிசம்பர் 30ஆம் திகதி ஒரிகனின் உயர் நீதிமன்றம் "ஆம், எல்லோருக்கும் பொருந்தும்" என்றது. ஒரே விதமான ஓட்டைச் சட்டம், ஒரே தீர்ப்பு. ஒரிகனில் பழைய கைதிகளுக்குக் கதவு திறந்தது. லூசியானாவில் 1,500க்கும் மேற்பட்டோர் இப்படி உள்ளே இருப்பதாக அவர்களுக்காக வாதாடும் அமைப்பினர் கணக்கிட்டிருந்தார்கள். நியூ ஓர்லியன்ஸில் மக்களால் தெரிவு செய்யப்பட்ட வழக்குத்தொடுநர், தன் எல்லைக்குள் வந்த சில வழக்குகளை மீளத் திறக்க இணங்கினார். அடுத்த பிரதேசத்தில் அப்படியொருவர் இல்லையென்றால் அங்குள்ள கைதிக்கு அதுவும் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 30 வருடங்களுக்கு முந்திய வழக்கை மீண்டும் நடத்த முடியுமா? சாட்சிகள் இறந்திருப்பார்கள். கொல்லப்பட்டவரின் தாய் மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டும். இந்தக் கஷ்டம் உண்மையானது. ஆனால் அந்தக் கஷ்டத்தின் முழுப் பாரத்தையும், செல்லாத விதியால் தண்டிக்கப்பட்ட கைதியின் தலையில் மட்டும் வைப்பது எப்படி நியாயம் என்பதற்கு லூசியானாவிடமிருந்து திருப்தியான பதில் வரவில்லை.

8. எங்களுக்கும் ஒரு கேள்வி

பெரும்பான்மைத் தீர்ப்பு என்றாலே அநியாயம் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்து 1967 முதல் 10க்கு 2 தீர்ப்பை அனுமதிக்கிறது; ஜூரர் ஒருவரை விலைக்கு வாங்கியோ மிரட்டியோ வழக்கைக் குழப்புவதைத் தடுக்கவே அதைக் கொண்டுவந்தார்கள். இலங்கையின் மேல் நீதிமன்றங்களில் ஜூரி விசாரணை இப்போது அரிது. நடந்தால் 7 ஜூரர்கள். 5க்கு 2 போதும்.

எங்கள் ஜூரிப் பட்டியல்கள் மொழி அடிப்படையிலானவை. எந்தப் பட்டியல் என்பதைத் தெரிவு செய்யும் வாய்ப்பு எதிரிக்கு உண்டு. பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கு 2016இல் சிங்களம் பேசும் ஜூரி சபை முன் நடந்து, எதிரிகள் விடுதலையானபோது அந்தத் தெரிவு பற்றி நாட்டில் பெரிய விவாதம் எழுந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அந்தத் தீர்ப்பின் சரிபிழையை இங்கே நான் பேசவில்லை. 7 பேரில் 2 பேரை விட்டுவிடலாம் என்ற விதி, அந்த 2 பேர் வழமையாக யாராக இருப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ வேலை செய்யும். சிறுபான்மையாக வாழும் எவருக்கும் இது விளங்கும்.

பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு படிப்பிக்கும்போது உறுப்புரைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதோடு இன்னொன்றையும் பழக்கலாம். எந்தச் சட்டத்தைக் கண்டாலும், அதில் வரும் எண்ணைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஏன் இந்த எண்? இதை எழுதியபோது அறைக்குள் யார் இருந்தார்கள்? இந்த எண்ணால் யாருடைய வாக்கு கழிபடுகிறது?

1898இல் நியூ ஓர்லியன்ஸில் எழுதப்பட்ட 9 என்ற எண்ணைப் பார்த்து அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் கேட்கக்கூடிய இடங்களில் இருந்தவர்கள் நெடுங்காலம் கேட்கவில்லை. அந்த எண் 10 ஆகி, பிறகு 12 ஆகிவிட்டது. அந்தப் பழைய எண்களால் தண்டிக்கப்பட்ட மனிதர்களில் பலர், பதிலை எதிர்பார்த்தபடி அங்கோலாவின் வயல்களில் வயதாகிக்கொண்டிருந்தார்கள்.